வோல்டேஜ் டிராப்: ‘வீழ்ச்சி’ வேண்டாம், ‘வழித்தேய்வு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் மின்சாரப் பாடத்தில் வோல்டேஜ் டிராப்புக்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சில், ‘மின்னழுத்த வீழ்ச்சி’யே போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீழ்ச்சி என்றால் சட்டென்று விழுவது. பெரிய மோட்டார் கிளம்பும் கணத்தில் விளக்கு மங்குகிறதே, அதற்கு அந்தச் சொல் பொருந்தும். நாம் பெயர் தேடுவது, கரண்டு ஓடும் நேரமெல்லாம் கம்பி நெடுக மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைவதற்கு.

இந்தப் பெயர் சரியாக அமையாததால் கணக்கே தவறுவதைப் போன வாரம் பார்த்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வீடு. கொல்லைக் கடைசியில் மாட்டுக் கொட்டகை, சுமார் 100 மீட்டர் தூரம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்திருக்கிறோம். ஐடிஐ படிக்கும் தம்பி மகளோடு அதை அளந்தேன். மோட்டாரை ஓட்டி அளந்தால் திறன் காரணி (பவர் ஃபேக்டர்) குறுக்கே வரும்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்ற நேர்க்கணக்கு நிற்காது. அதனால் 1000 வாட் ஹீட்டர் இரண்டை மாட்டினோம். வீட்டுப் போர்டில் 225 வோல்ட், கொட்டகையில் 213, கரண்டு 8 ஆம்பியர்.

கம்பியின் மின்தடை எவ்வளவு என்றேன். 225-ஐ 8-ஆல் வகுத்து “28 ஓம் பெரியப்பா” என்றாள். அழுத்தத்தைக் கரண்டால் வகுத்தால் மின்தடை என்ற சூத்திரம் சரி, அதில் போட்ட அழுத்தம்தான் தப்பு. 28 என்பது கம்பியும் ஹீட்டரும் சேர்ந்தது. கம்பிக்கு உரியது 12 வோல்ட் மட்டுமே; 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5 ஓம். போக வர 200 மீட்டர் கம்பிக்கு அது பொருத்தமான அளவு.

“வாய்க்காலை நினைச்சுக்கோ” என்றேன். “தலைமடை மட்டம் 225, கடைமடை மட்டம் 213. வழியில தேஞ்சது எவ்வளவு?” உடனே பிடித்துக்கொண்டாள். திறனையும் அவளே போட்டாள்: கம்பியில் 12 × 8 = 96 வாட், ஹீட்டரில் 213 × 8 = 1704 வாட், கூட்டினால் 1800. வீட்டுப் போர்டில் 225 × 8 போட்டாலும் அதே 1800. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆகவே என் முன்மொழிவு: தலைமடை அழுத்தம், கடைமடை அழுத்தம், இரண்டுக்கும் இடையே வழித்தேய்வு. மேட்டூர் திறக்கும்போதெல்லாம் ‘கடைமடைக்குத் தண்ணீர் வருமா’ என்று செய்தித்தாள் எழுதுவதால், டெல்டாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இது புதிய சொல் அல்ல.

ஒருவர் ‘கசிவு’ என்றார். அதை ஏற்கக் கூடாது. கசிந்தால் கரண்டு வேறு வழியில் போய்விடும். இங்கே போன 8 ஆம்பியரும் திரும்பி வருகிறது. வாய்க்கால் உவமை முறிகிற இடமும் இதுதான், பாடத்தில் சொல்லிவிட வேண்டும்: வாய்க்காலில் வழியிலேயே தண்ணீர் குறையும், நம் கம்பியில் அழுத்தம் மட்டுமே குறைகிறது. ‘இழப்பு’ வேண்டுமென்றால் அதை அந்த 96 வாட்டுக்கு வைத்துக்கொள்வோம். வோல்ட் தேயும், வாட் இழப்பாகும்.

‘தேய்வு’ தேய்மானத்தோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. தேய்பிறையை யாரும் தேய்மானம் என்பதில்லை. ‘வழி’ முன்னால் நிற்கும்போது குழப்பம் இன்னும் குறையும். ‘இந்த ஒயரில் வழித்தேய்வு 12 வோல்ட்’ என்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். விளக்கம் கேட்காமல், “அப்ப 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கண்ணே” என்றார்.