அட்டவணை போட்டும் படிக்க முடியாமல் போனது ஏன்? என் அனுபவம் இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

மூன்றாவது செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தேறாமல் போனேன். இத்தனைக்கும் அட்டவணை போடாமல் நான் இருந்ததே இல்லை. காலை 5 மணி முதல் இரவு 11 வரை, மணிக்கு ஒரு நிறம் தீட்டிச் சுவரில் ஒட்டிவிடுவேன். திங்கட்கிழமை நன்றாக ஓடும். செவ்வாய் ஏதாவது ஒன்று தள்ளிப்போகும். புதன்கிழமை அந்தத் தாளை நிமிர்ந்து பார்க்கவே மனம் வராது.

விடுமுறையில் ஒரு சீனியர் அக்கா கேட்டார்: "ஒரு பகுதி படிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" ஒரு மணி நேரம் என்றேன். "அளந்து பார்த்தியா?" பார்த்ததில்லை.

அடுத்த வாரம் முழுக்கத் திட்டமே போடவில்லை. நோட்டின் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் 'நினைத்தது', மறுபக்கம் 'ஆனது' என்று மட்டும் எழுதினேன். வெப்ப இயக்கவியலில் என்ட்ரோபி: நினைத்தது 1 மணி, ஆனது 2 மணி 40 நிமிடம். ஆய்வக ரெக்கார்டு: நினைத்தது அரை மணி, ஆனது ஒன்றரை மணி. என் அட்டவணை முதல் நாளே இரண்டு மடங்கு கடனில் தொடங்கியிருக்கிறது!

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துக் கணிக்கும் இந்தத் தவற்றைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கானமேனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள். 1994-இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். படித்தபோது மனசு லேசானது. சோம்பேறி என்று என்னையே அத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது 'ஆனது' பக்கத்து எண்ணை வைத்துத்தான் திட்டம். சனிக்கிழமை மதியத்துக்கு எதையும் எழுதுவதில்லை, வாரத்தில் தங்கியதெல்லாம் அங்கே போய்ச் சேரும்.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு நேரம் கிடைத்தது, படித்ததுதான் நிற்கவில்லை. ஒரே பாடத்தை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நான்கு மணி நேரம், நான்கு முறை வாசிப்பேன். பத்து நாளில் பாதி போய்விடும். அதே நான்கு மணி நேரத்தை நான்கு நாளுக்குப் பிரித்தேன். இரண்டாம் நாளிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதினேன். முதல் தடவை ஆறு வரிக்கு மேல் வரவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எந்த இடம் ஓட்டை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இதைத் தயவுசெய்து எல்லாரும் ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

* * *

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன். இரவு 9 மணிக்கு வந்து உட்கார்ந்தால் கண் எழுத்தில் ஓடும், தலையில் ஏறாது. அதனால் கடினமான கணக்குகளை இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் 40 நிமிடத்துக்கு மாற்றிவிட்டேன். இரவுக்கு வைத்தது நோட்ஸ் சரிபார்ப்பது போன்ற லேசான வேலை மட்டும்.

25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வெடு என்கிற பொமோடோரோ முறையைப் பலர் சொல்வார்கள். வாசிப்புக்குச் சரி. கணக்கில், பிடி கிடைக்கும் நேரத்தில் மணி அடித்துவிடுகிறது. எனக்கு 45 நிமிடமாவது வேண்டும். அப்புறம், படுக்கும் முன் மறுநாள் போட வேண்டிய முதல் கணக்கைத் தாளில் எழுதி, பேனாவோடு பைக்குள் வைத்துவிடுவேன். அந்த 40 நிமிடத்தில் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.