பிள்ளைகளோடு கொழும்புக்கு வருகிறவர்களுக்கு: பள்ளிக்கூடத்தின் முதல் வருடம்

வெள்ளவத்தையில் வீடு பார்ப்பது, அட்வான்ஸ் பேசுவது, கேஸ் சிலிண்டர் வாங்குவது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். திருச்சியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவள் நான். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் வருடா வருடம் ஒரே கவலையோடு வரும் பெற்றோரைப் பார்க்கிறேன். "அங்கே முதல் ஐந்து ரேங்க்குக்குள் வருவான். இங்கே வந்ததும் மார்க் பாதியாகிவிட்டது. நல்ல டியூஷன் டீச்சர் யாராவது இருக்கிறார்களா?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதல் இரண்டு டெர்ம் முடியும்வரை டியூஷனைத் தள்ளிவையுங்கள். இன்டர்வல் மணி அடித்ததும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? முதலில் அதைப் பாருங்கள். அது சரியாகாமல் கணக்கும் அறிவியலும் சரியாகி நான் பார்த்ததில்லை.

கொழும்பு என்றதும், 'தமிழ் பேசுகிற ஊர்தானே, பிள்ளை சட்டென்று ஒட்டிக்கொள்ளும்' என்று நினைத்து வருகிறோம். அந்த நினைப்புதான் பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிறது. லண்டனுக்கோ சிட்னிக்கோ போனால், கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நாமே எதிர்பார்த்துத் துணை நிற்போம். இங்கே அப்படி எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளை வாயைத் திறந்ததும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். "சினிமாவில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய், இன்னொருக்காச் சொல்லு" என்கிறார்கள். பெரும்பாலும் அது ஆசையாகக் கேட்பதுதான், கேலி இல்லை. இருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை என்னிடம் படித்தாள். கேள்வி கேட்டால் உதடு மட்டும் அசையும். விடையை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பி வைப்பாள். விடை சரியாகவே இருக்கும். வகுப்பில் அவள் கை தூக்குவதே இல்லை என்று டீச்சர் சொன்னபோது வீட்டில் அதை 'ஆர்வமில்லை' என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவளுடைய கவனத்தில் பாதி, தான் பேசுவது எப்படிக் கேட்கும் என்பதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் பின்னங்களைப் போட்டாள். பயமும் படிப்பும் மனதில் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை. அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹென் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி முதலாமாண்டு மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். 'ஆரம்பத்தில் இந்த இடம் நமக்கு உரியதில்லை என்று எல்லோருக்கும்தான் தோன்றுகிறது, போகப் போக அது மாறிவிடுகிறது' என்ற செய்தியை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாகப் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களிடம் அதன் பலன் அடுத்த மூன்று வருட மார்க்கில் தெரிந்தது. கூடுதல் பாடம் எதுவும் நடத்தவில்லை. கஷ்டத்துக்கு வேறு அர்த்தம் கிடைத்தது, அவ்வளவுதான். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்பது 'எல்லோருக்கும் இப்படித்தான்' என்று மாறியது. இதை வீட்டிலேயே செய்யலாம். உங்களுக்கு முன்னால் வந்து இப்போது நன்றாக இருக்கிற குடும்பத்தின் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். அவன் தன் முதல் டெர்ம் எப்படி இருந்தது என்று தன் வாயால் சொல்லட்டும். நாம் நூறு தடவை சொல்வதைவிட அது மேல்.

அப்புறம், காலக் கணக்கு. முதல் இரண்டு மாதம் நன்றாகவே போகும். கடல், ரயில், கொத்து ரொட்டி, புது யூனிஃபார்ம். அதற்குப் பிறகுதான் சரிவு வரும். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய நார்வே நாட்டு ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஸ்வெர்ரே லிஸ்கார்ட் ஆராய்ந்து 1955இல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாக இருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று இல்லை. ஆனாலும் நான்காவது ஐந்தாவது மாதத்தில் பிள்ளை திடீரென்று "திருச்சிக்கே போகலாம்மா" என்று அழுதால், நாம் எடுத்த முடிவே தப்பு என்று பதறவேண்டாம்.

நட்பு எங்கே தொடங்குகிறது என்றால், கொழும்பில் முக்கால்வாசி ஸ்கூல் வேனில்தான். காலையிலும் மதியமும் அதே பத்துப் பதினைந்து பிள்ளைகள், அதே இருக்கை, காலி வீதி (Galle Road) நெரிசலில் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரம். வகுப்பில் டீச்சர் இருப்பார், வேனில் வேன் அங்கிள் மட்டும்தான். காரில் கொண்டுபோய் விட வசதி இருந்தாலும் முதல் வருடம் வேனில் அனுப்புங்கள். பக்கத்து லேனில் ஏறும் பிள்ளையின் அம்மாவின் நம்பரை வாங்கிவையுங்கள். அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் வாய் திறந்தது வேனில்தான். பக்கத்து இருக்கைப் பெண் பரதநாட்டியம் படிக்கிறவள், இவளும் படித்தவள். அடவு பற்றி ஆரம்பித்த பேச்சு வகுப்பு வரைக்கும் போனது.

டிஃபன் பாக்ஸ் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பழகுகிறார்கள். இரண்டு பேர் எடுத்துத் தின்கிற மாதிரி எதையாவது கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். தயிர்சாதத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பாசிரியரை முதல் இரண்டு வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். பிரச்சினை வந்த பிறகு போனால் நம் பிள்ளை 'பிரச்சினைப் பிள்ளை'யாகவே அவர் மனதில் பதிந்துவிடும். போகும்போது குறைகளைப் பட்டியல் போடாதீர்கள். "இங்கிலீஷ் வீக், ரொம்பக் கூச்சம்" என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு வருவது நம் ஊர்ப் பெற்றோரின் பழக்கம். அதற்குப் பதிலாக, அவனுக்கு எது நன்றாக வரும் என்று சொல்லுங்கள்: செஸ், படம் வரைவது, வாய்ப்பாடு, எதுவானாலும். ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. குலுக்கல் முறையில் பொறுக்கிய சில மாணவர்களை, 'இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறப் போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாக முன்னேறினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பிறகு நிறைய விவாதம் நடந்தது. ஆனால் ஆசிரியர் எதிர்பார்க்கிற பிள்ளையிடம் கேள்வி அதிகம் போகும், பதிலுக்குக் காத்திருக்கும் நேரமும் அதிகம் கிடைக்கும் என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

பெற்றோர் அடிக்கடி கேட்கிற இன்னொன்று, மொழி: தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேரும் பிள்ளை ஒரு வருடத்தில் இங்கிலீஷில் சரளமாகப் பேச ஆரம்பிக்கும். பேச்சு வந்துவிட்டதே, ஏன் மார்க் வரவில்லை என்று கோபம் வரும். ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் இந்த இரண்டையும் தனித்தனித் திறமைகளாகப் பிரித்துக் காட்டினார். விளையாட்டு மைதானத்தில் பேசுகிற மொழி சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்தைப் படித்துக் காரண காரியத்தோடு எழுதுகிற மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம் வரை ஆகலாம். அதனால் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தமிழில் புரிந்த பிள்ளைக்கு அதை இங்கிலீஷில் எழுதுவது வார்த்தைப் பிரச்சினை மட்டும்தான். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் சேர்த்தால் சிங்களம் இரண்டாம் மொழியாக வரும். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல் என்ற பொதுப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள். சமயமும் வரலாறும் கட்டாயம், அந்த வரலாறு நம் பிள்ளைக்கு முழுக்கப் புதிது. அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

சமயம், வரலாறு என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். இதை யாரும் எழுதவில்லை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் வகுப்பில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பல ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பார்கள். முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள், இன்டர்நேஷனல் ஸ்கூல் என்றால் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள். 1983இலோ 2009இலோ வீட்டில் ஒருவரை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பிள்ளைகளும் அதில் இருக்கலாம். யூடியூபில் பார்த்ததை வைத்து, "உங்க வீட்டில் யாராவது சண்டையில் செத்தார்களா?" என்று நம் பிள்ளை கேட்டுவிடக்கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நம் ஊர் மேடைகளில் கேட்ட கோஷங்களை வகுப்புக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். ஸ்கூலில் சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, நடந்ததைப் பிள்ளையின் வயதுக்கேற்ற மாதிரி நீங்களே சொல்லிவிடுங்கள். இதைச் செய்த வீட்டுப் பிள்ளைகள் மரியாதையோடு பழகுவதையும், மற்றப் பிள்ளைகள் அவர்களைச் சீக்கிரம் நம்புவதையும் பார்த்திருக்கிறேன்.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் லேனுக்கு லேன் வகுப்பு நடக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள். போகாவிட்டால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் நமக்கும் வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழரைக்குப் பள்ளி தொடங்குகிறது, ஆறேகாலுக்கெல்லாம் வேன் வந்துவிடும், அதற்கு ஐந்தரைக்காவது எழவேண்டும். இரவு எட்டரை வரை வகுப்பு, பிறகு வீட்டுப்பாடம், பதினொன்றுக்குப் படுக்கை என்றால் ஆறரை மணி நேரத் தூக்கம்தான். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான். புது ஊர், புது மொழி, புது முகங்கள் என்று நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகம் வேண்டும்.

இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்து லண்டன் ஓ.எல் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் வினாத்தாள் பயிற்சி தேவை. எடெக்செல், கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்புகளின் வினாத்தாள்கள் படித்ததை அப்படியே கேட்காமல் தெரியாத ஒரு சூழலில் வைத்துக் கேட்கும். கைடு மனப்பாடம் செய்து வந்த பிள்ளை முதல் தாளைப் பார்த்ததும் 'எனக்கு ஒன்றுமே தெரியாது' என்று முடிவுகட்டிவிடும். அது தெரியாமல் இல்லை, பழக்கம் இல்லை. பழைய வினாத்தாள்களைப் புத்தகத்தை மூடிவிட்டுப் போடச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கும் என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் சோதனை செய்து காட்டினார்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்கிற வேறு சில கேள்விகள். "மகன் பழைய நண்பர்களோடு வாட்ஸப்பிலேயே கிடக்கிறான், போனைப் பிடுங்கலாமா?" பிடுங்காதீர்கள். பழையதை முழுக்க அறுத்துவிடுகிறவர்களும் சரி, பழையதிலேயே மூழ்கிவிடுகிறவர்களும் சரி, கஷ்டப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள்தான் பொதுவாக நன்றாக இருக்கிறார்கள் என்று குடியேறியவர்களை ஆராய்ந்த ஜான் பெரி சொல்கிறார். அரட்டைக்கு இரவில் ஒரு நேரம் வையுங்கள். மாலை நேரத்தை வெளியே போகக் காலியாக விடுங்கள். மரைன் டிரைவில் நடை, வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், விஹாரமகாதேவிப் பூங்கா, எதுவாக இருந்தாலும் வாரத்தில் அதே நாளில் அதே இடத்துக்குப் போங்கள். அடிக்கடி ஒரே முகத்தைப் பார்த்தால்தான் பழக்கம் வரும்.

"வேலையை விட்டுவிட்டு வந்தேன். எனக்கே இங்கே பிடிக்கவில்லை, பிள்ளைக்கு என்ன சொல்ல?" தங்கச்சி, உனக்குப் பிடிக்கவில்லை என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அதை மறைக்கவேண்டாம், ஆனால் அதற்கு அவனைத் துணையாக்காதே. உனக்கென்று ஒரு வகுப்போ கோயில் குழுவோ தேடிக்கொள். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை போய் நின்றாலே யாராவது "இந்தியாவில இருந்தா வந்தனீங்கள்?" என்று பேச்சுக் கொடுப்பார்கள். அம்மா வெளியே போய்ச் சிரித்துப் பேசுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு இந்த ஊர் மேல் தானாக நம்பிக்கை வரும்.

எப்போது உதவி கேட்கவேண்டும்: பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி, சனி ஞாயிறில் இல்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டது. இது இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காத்திருக்கவேண்டாம். முதலில் பள்ளி கவுன்சிலரிடம் பேசுங்கள். பொறளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926. யாராவது அடித்தாலோ துன்புறுத்தினாலோ சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதாகப் பிள்ளை சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். 'சும்மா சொல்கிறாள்' என்று விடாதீர்கள்.

"ஒரு வகுப்பு இறக்கிச் சேர்க்கலாமா?" பள்ளியே அப்படிச் சொன்னால், காரணம் வயதா மொழியா பாடமா என்று கேளுங்கள். மொழி மட்டும்தான் காரணம் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். வயதுக்கேற்ற நண்பர்கள் போய்விடுவார்கள், 'நான் மட்டி' என்ற எண்ணம் வந்துவிடும். பெரும்பாலான இன்டர்நேஷனல் ஸ்கூல்களில் செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. ஏப்ரலில் தமிழ்நாட்டில் பரீட்சை முடித்து மே மாதமே வந்துவிட்டால் கையில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும். அந்த நாட்களில் பாடம் நடத்தாமல், அதே வேனில் வரப்போகிற ஒரு பிள்ளையையாவது தேடிக் கண்டுபிடித்துப் பழக்கிவிடுங்கள். எந்த ஏரியா, எந்த வகுப்பு என்று கீழே எழுதினால், தெரிந்த குடும்பம் இருந்தால் நான் சேர்த்துவைக்கிறேன்.