பங்குச் சந்தைய சொந்தமா கத்துக்க எங்க ஆரம்பிக்கிறது?

பாயான்லெப்பாஸ்_நைட்ஷிப்ட்
வணக்கம். மலேசியாவுல, பினாங்குல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியனா இருக்கேன், மாசம் 300 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்க முடியும். ஷேர்ல போடணும்னு ஆசை, ஆனா யாரோட டிப்ஸையும் நம்பி இல்ல, நானே படிச்சு புரிஞ்சு வாங்கணும். கூட வேலை செய்றவரு ஒரு டெலிகிராம் குரூப்ல சேத்துவிட்டாரு, அங்க ரெண்டு நாள் கோர்ஸுக்கு 2,800 வெள்ளி கேக்குறாங்க. யூடியூப்ல தமிழ்ல பாத்தா எல்லாம் நிஃப்டி, டீமேட்னு இந்தியா கணக்குதான். மலாய், இங்கிலீஷ் ரெண்டும் வாசிப்பேன். எதைப் படிக்கலாம்?

செந்தூல்_அண்ணன்
தம்பி, அந்தக் காசைக் கட்டாதீங்க. நம்ம பங்குச் சந்தையான புர்சா மலேசியாவே புர்சா அகாடமின்னு ஒண்ணு நடத்துது, ஆரம்பப் பாடமெல்லாம் ஓசி. சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷனோட இன்வெஸ்ட்ஸ்மார்ட் பக்கத்தையும் பாருங்க, அது முதலீட்டாளருக்கான பாடப் பக்கம். அதோட அந்த குரூப் நடத்துறவரு பேரு கமிஷனோட லைசென்ஸ் பட்டியல்ல இருக்கான்னு தேடுங்க, அனுமதியில்லாதவங்கன்னு கமிஷன் எச்சரிக்கிற இன்வெஸ்டர் அலர்ட் லிஸ்ட்லயும் தட்டிப் பாருங்க. இந்த ஷேர வாங்கு, அத வித்துடுன்னு ஆலோசனை சொல்றதையே தொழிலா நடத்தணும்னா இங்க லைசென்ஸ் வேணும்.

கணக்கு_அக்கா_கேஎல்
பாடம் படிச்சா மட்டும் பத்தாது தம்பி, ரிப்போர்ட் படிக்கணும். நீங்க இருக்குற ஏரியாவுலயே இனாரி, பென்டாமாஸ்டர் எல்லாம் இருக்கு, லிஸ்டட் கம்பெனிங்க, அதாவது சந்தையில ஷேர் விக்கிறவங்க, உங்க வேலைக்குப் பக்கத்துல உள்ள தொழில். வாங்கச் சொல்லல, படிக்கச் சொல்றேன். காலாண்டு முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள ரிப்போர்ட் வந்தாகணும், புர்சா வெப்சைட்ல கம்பெனி அறிவிப்புல கிடைக்கும். திறந்ததும் லாபத்தைப் பாத்துட்டு மூடிடாதீங்க, காசு எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு காட்டுற கேஷ் ஃப்ளோ பக்கத்துக்குப் போங்க. லாபம் ஏறுது, ஆனா வியாபாரத்துல இருந்து கைக்கு வர்ற காசு குறையுது, வரவேண்டிய பாக்கி மட்டும் ஏறிக்கிட்டே போகுதுன்னா ஏன்னு கேளுங்க. பின்னாடி நோட்ஸ்ல பி1, பி2, பி3ன்னு வரும், பெரும்பாலும் பி3லதான் இனி வியாபாரம் எப்படி இருக்கும்னு மேனேஜ்மென்ட் எழுதியிருக்கும், அதை போன வருஷம் இதே இடத்துல எழுதினதோட பக்கத்துல வச்சுப் படிங்க, சொன்னதைச் செஞ்சாங்களான்னு தெரிஞ்சிடும். எந்த கோர்ஸும் இதை உங்களுக்காக படிச்சுத் தராது.

பட்டர்வொர்த்_வாசகி
இந்தியா வீடியோவை முழுசா ஒதுக்காதீங்க, சொத்து, கடன் கணக்கு காட்டுற பேலன்ஸ் ஷீட் எங்கயும் ஒண்ணுதான், தமிழ்ல கேட்டா சீக்கிரம் மண்டையில ஏறும். சட்டதிட்டம்தான் வேற. அங்க ஒரே ஒரு ஷேர் வாங்கலாம், இங்க சாதாரணமா 100 யூனிட் ஒரு லாட். அங்க வித்த லாபத்துக்கு வரி, இங்க நம்மள மாதிரி தனியாளு லிஸ்டட் ஷேர வித்தா பொதுவா அந்த வரி இல்ல. செட்டில்மென்ட் இங்க டி பிளஸ் 2, அதாவது வாங்கி வித்த நாளுக்கு அப்புறம் ரெண்டு வேலை நாள்ல காசும் ஷேரும் கை மாறும்.

பாயான்லெப்பாஸ்_நைட்ஷிப்ட்
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. அக்கவுன்ட் திறக்கறப்போ சிடிஎஸ்ஸா நாமினியான்னு கேக்குறாங்களே, அது என்ன?

கணக்கு_அக்கா_கேஎல்
சிடிஎஸ்ங்கிறது ஷேர மின்னணுவா வச்சிருக்குற கணக்கு. டைரக்ட் சிடிஎஸ்னா ஷேர் உங்க பேருலயே நிக்கும், ஏஜிஎம் (பங்குதாரர்களோட வருடாந்திரக் கூட்டம்) நோட்டீஸ் வரும், ஓட்டும் போடலாம். நாமினின்னா புரோக்கரோட நாமினி கம்பெனி பேருல இருக்கும், கட்டணம் பல இடத்துல கம்மி, ஆனா ஏஜிஎம்முக்குப் போகணும்னா அவங்க மூலமா கேக்கணும். கத்துக்கணும்னு வந்த ஆளுக்கு நான் டைரக்ட்தான் சொல்வேன், ஏன்னா ஏஜிஎம்ல மத்தவங்க கேக்குற கேள்வியே பெரிய பாடம். சிறு பங்குதாரரோட உரிமையைப் பாத்துக்க 2000ல தொடங்கின எம்எஸ்டபிள்யூஜிங்கிற அமைப்பு வாராவாரம் ஒரு நியூஸ்லெட்டர் போடுது, எந்தக் கம்பெனிகிட்ட என்ன கேக்கப்போறாங்கன்னு அதுல இருக்கும். இன்னொண்ணு, 300 வெள்ளிக்கு மாசாமாசம் வாங்கினா புரோக்கர் கூலியே தின்னுடும், குறைஞ்சபட்ச கட்டணம் எவ்வளவுன்னு முதல்ல கேட்டுக்கிட்டு ரெண்டு மூணு மாசக் காசை சேத்து வாங்குங்க.