ஜான் கிளேர் பற்றிக் கொஞ்சம் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆங்கில ரொமான்டிக் கவிஞர்கள் (காதல் கவிஞர்கள் என்ற பொருளில் அல்ல; 1800ஐ ஒட்டி உணர்வையும் கற்பனையையும் முன்னிறுத்தியவர்கள்) இயற்கையைப் பார்த்த விதம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேர்ட்ஸ்வொர்த்தை வேறொருவர் எடுத்துவிட்டார், சரி என்று ஜான் கிளேர் பக்கம் வந்தேன்.

அதே காலத்துக் கவிஞர் கீட்ஸ் 1819இல் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையைப் பற்றி எழுதிய கவிதையில் பறவை கண்ணிலேயே படாது. குரல் மட்டும்தான், அதைப் பிடித்துக்கொண்டு மனம் சாவு, அமரத்துவம் என்று எங்கோ போய்விடும். கிளேரோ அதே பறவையைப் பற்றிய தன் கவிதையில் முள் புதருக்குள் தவழ்ந்து போய்க் கூட்டையே காட்டுகிறார்: காய்ந்த ஓக் இலை, பாசி, ஐந்து முட்டைகள், அவற்றின் மங்கிய நிறம். பண்ணை வேலை செய்து வளர்ந்தவரின் கண் அது. இத்தனைக்கும் இருவருடைய புத்தகங்களையும் வெளியிட்டவர் ஜான் டெய்லர்தான்! எனக்குக் கிளேரைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், 1809 சட்டத்தால் அவருடைய ஊரான ஹெல்ப்ஸ்டனில் ஊரார் எல்லோரும் பயன்படுத்திய பொதுநிலங்கள் தனியார் சொத்தாக வேலியடைக்கப்பட்டதை எளிதாக விளக்கத் தெரியவில்லை. அதைப் பற்றித் தமிழில் கட்டுரை ஏதும் உண்டா? கிளேர் கவிதைகளை யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா? அப்புறம், கோலரிட்ஜின் 1798 நைட்டிங்கேல் கவிதையையும் சேர்த்தால் பேச்சு இழுத்துவிடுமோ? படித்தவர்கள் சொல்லுங்கள்.