தவழ்ந்து சுற்றிய பிரகாரம்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் அனுபவத்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். உள்ளே பதினாறு பட்டை லிங்கம்.

தீபாராதனை முடிந்ததும் குருக்கள், "சுத்திட்டு வாங்க" என்று ஒரு துவாரத்தைக் காட்டினார். கருவறையை ஒட்டிய சுற்றுப்பாதைக்கு அதுதான் வழி. குனிந்து பார்த்தேன், முடியவில்லை. அப்புறம் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றித் தவழ்ந்தேன். கல் சில்லென்று இருந்தது, தோள் சுவரில் உரசியது. என் மூச்சு எனக்கே கேட்டது. மறுபக்கமும் தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். தலையை நீட்டியதும் அம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். முட்டிவலியால் அவர் உள்ளே வரவில்லை.

இப்படிச் சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. எத்தனையோ கோயில்களில் ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரகாரம் சுற்றியிருக்கிறேன். இங்கே ஒரு வார்த்தை வரவில்லை. நிமிர்ந்து போக வழியே வைக்கவில்லை அந்தச் சிற்பி.

இதே மாதிரி என்னை அசைத்த இன்னொரு இடம் திருவனந்தபுரம். பத்மநாபர் 18 அடி நீளம் பள்ளிகொண்டிருக்கிறார், முன்னால் மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகம், வலக்கையின் கீழே சிவலிங்கம். நடுவில் நாபிக் கமலத்தில் பிரம்மா. மூன்றாவதில் திருவடி. முழு உருவமாக ஒரே பார்வையில் கிடைக்க மாட்டார். வரிசை நகர, திருவடிக்கு வந்தபோது, சற்று முன் பார்த்த முகத்தைக் கண்ணை மூடிச் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த தரிசனம் அதுதான்.

*

வாசகர் ஒருவரின் பின்னூட்டம்: உங்கள் பதிவைப் படித்ததும் என் பாட்டி நினைவு வந்துவிட்டது. கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஏழு சுற்று மதில் அல்லவா, கையைப் பிடித்து அழைத்துப் போவேன். வெயில் குறைவது, காலடியில் கல் குளிர்வது, பேச்சுச் சத்தம் மாறுவது, இதை வைத்தே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சரியாகச் சொல்லிவிடுவார். உள்ளே போகப் போக நடை மெதுவாகும். சந்நிதி வாசல் நிலைப்படி காலில் தட்டுப்பட்டதும் என் கையை விட்டுவிட்டு, "இனிமே நான் போய்க்கிறேன்" என்பார்.