ஒப்பந்தக் கடிதம் எழுத எந்த ஆங்கில அகராதி, எந்த ஒர்க்புக்?

செங்காங் மணி:
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எம் அண்ட் இ (இயந்திர, மின் வேலை) சப்கான், அதாவது துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் காண்ட்ராக்ட்ஸ் பிரிவில் வேலை. மெயின் கான் (முதன்மை ஒப்பந்தக்காரர்) அனுப்பும் கடிதம், மீட்டிங் மினிட்ஸ், கிளைம் பேப்பர் எல்லாமே ஆங்கிலம். படித்தால் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. பதில் எழுதத்தான் திணறல். ‘எக்ஸ்டென்ஷன் ஆஃப் டைம்’ (வேலையை முடிக்கக் கூடுதல் அவகாசம்) என்றால் என்ன என்று தெரியும். நாம் அதைக் கேட்கும்போது எந்த வினைச்சொல், அவர்கள் தரும்போது எந்த வினைச்சொல் என்பதுதான் பிடிபடவில்லை.

100 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். பெரிய ஆங்கிலம்–தமிழ் அகராதி நல்லதா, கட்டுமானத் துறைக்கென்றே உள்ள அகராதியா? ஆசிரியர் இல்லாமல் செய்யக்கூடிய ஒர்க்புக் உண்டா? பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாமா? இரவில் அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

தோ பாயோ க்யூஎஸ்:
மணி தம்பி, பெரிய ஆங்கிலம்–தமிழ் அகராதிக்குக் காசு போடாதீர்கள். பொது வாசிப்புக்கு நல்ல புத்தகம்தான், ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் பேப்பருக்கு அது வழி காட்டாது. ‘பிளான்ட்’ என்று தேடினால் செடி, தொழிற்சாலை என்று வரும். ஒப்பந்தத்தில் அது கிரேன், எக்ஸ்கவேட்டர், ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களைக் குறிக்கும். ‘டிடர்மினேஷன்’ என்றால் மன உறுதி என்று இருக்கும். பழைய ஒப்பந்தப் படிவங்களில் அதற்கு ஒப்பந்தத்தையே முடித்துவிடுவது என்று பொருள். ஊரில் ‘ஹோர்டிங்’ என்றால் விளம்பரப் பலகை, இங்கே சைட்டைச் சுற்றி அடைக்கும் தடுப்பு.

துறை அகராதி வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபர்டு 2012-இல் வெளியிட்ட கட்டுமானம், அளவை, சிவில் பொறியியல் அகராதி உங்களுக்குப் பொருந்தும். பிரிட்டிஷ் நூல் என்பதால் இங்கே சைட்டில் புழங்கும் சொற்களோடு ஒத்துப்போகும். அமெரிக்க அகராதி வாங்கினால் இடிக்கும். நாம் ‘லிஃப்ட்’ என்பதை அவர்கள் ‘எலிவேட்டர்’ என்பார்கள், நம் ‘எர்த்திங்’ அங்கே ‘கிரவுண்டிங்’. இவையாவது ஊகித்துவிடக்கூடியவை. மினிட்ஸில் வரும் ‘டேபிள்’ என்ற வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டால் சிக்கல்: பிரிட்டிஷ் வழக்கில் ஒரு விஷயத்தைப் பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்க வழக்கில் அதைத் தள்ளிப்போடுவது. நேர் எதிர்.

துறை அகராதிக்கும் ஓர் எல்லை உண்டு. அது பொருளை விளக்கும், அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் அமைத்துக் காட்டாது. உச்சரிப்பும் பொதுவாகத் தருவதில்லை. படிக்க உதவும், எழுத உதவாது. எழுதும் பக்கத்தை இங்கே ஆசிரியை ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

அதைவிட முக்கியமானது இது. நீங்கள் புழங்கும் சொற்களில் பலவற்றுக்கு எந்த அகராதியும் சரியான பொருள் தராது, ஏனென்றால் பொருளை முடிவு செய்வது சட்டமும் ஒப்பந்தமும்தான். 2004-ஆம் ஆண்டின் கட்டுமானத் துறை செக்யூரிட்டி ஆஃப் பேமெண்ட் (பணம் கிடைப்பதை உறுதி செய்யும்) சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 2-ஆம் பிரிவு முழுக்கச் சொல் விளக்கம். அங்கே ‘டே’ என்ற சாதாரணச் சொல்லுக்குக்கூடத் தனி விளக்கம் இருக்கிறது: பொது விடுமுறை நாள் அதில் சேராது. பேமெண்ட் கிளைம் (பணம் கேட்கும் கடிதம்) சர்வ் ஆன பிறகு, அதாவது முறைப்படி கொடுக்கப்பட்ட பிறகு, மெயின் கான் பேமெண்ட் ரெஸ்பான்ஸ் (அதற்கான பதில்) தர வேண்டிய கெடு, ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அதிகபட்சம் 21 நாள், எதுவும் குறிக்காவிட்டால் 14 நாள். இடையில் சீனப் புத்தாண்டு விடுமுறை வந்தால் கணக்கே நகரும். ‘டே’ தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போகிறவர்கள் கெடுவைத் தவறாக எண்ணுவது இப்படித்தான். சட்டம் முழுவதும் சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைனில் இலவசம்.

ஒப்பந்தப் படிவங்களும் அப்படியே. அரசுத் திட்டங்களுக்கான பிஎஸ்எஸ்சிஓசி படிவத்தில் ‘டிஃபெக்ட்ஸ் லயபிலிட்டி பீரியட்’ (வேலை முடிந்த பின் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம்) என்று இருப்பது, எஸ்ஐஏ (சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் கழகம்) படிவத்தில் ‘மெயின்டனன்ஸ் பீரியட்’ என்று இருக்கும். இங்கிலாந்து நூல்களில் ‘பிராக்டிகல் கம்ப்ளீஷன்’ என்று படிப்பது பிஎஸ்எஸ்சிஓசியில் ‘சப்ஸ்டான்ஷியல் கம்ப்ளீஷன்’. கடிதம் எழுதும்போது உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள சொல்லையே, பெரிய எழுத்து உட்பட, அப்படியே எடுத்தாளுங்கள். அகராதியில் அதைவிட அழகான சொல் கிடைத்தது என்று மாற்றினால் எதிர்த்தரப்பு வேறு பொருள் கற்பிக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். பிஎஸ்எஸ்சிஓசி படிவம் பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் சில பக்கங்களில் உள்ள டெஃபினிஷன்ஸ் பகுதியை அச்செடுத்து மேசையில் ஒட்டிவையுங்கள்.

ஆக, தேடும் வரிசை: ஒப்பந்தத்தின் விளக்கப் பகுதி, பிறகு சட்டம், பிறகு துறை அகராதி. பொது அகராதி கடைசி.

கிளமெண்டி டீச்சர்:
க்யூஎஸ் சார் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். படிப்பதற்கு அந்த வரிசை சரி. எழுதுவதற்குப் பொது அகராதிதான் முதலில் வர வேண்டும், ஆனால் அது கற்போர் அகராதியாக இருக்க வேண்டும். லாங்மன் கன்டெம்பரரி, ஆக்ஸ்ஃபர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் இரண்டுமே இணையத்தில் இலவசம், அதனால் 100 வெள்ளியில் இவற்றுக்கு எதுவும் போக வேண்டாம். லாங்மன் விளக்கங்கள் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் எழுதப்பட்டவை. ஒரு சொல்லின் பொருள் தேடப் போய் விளக்கத்தில் இன்னும் மூன்று புரியாத சொற்களில் சிக்குவது நடக்காது.

பலரும் பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பொருளுக்கு முன்னால் இருக்கும் சின்னக் குறிகளைப் பாருங்கள், மணி. எண்ணத்தக்க பெயரா, எண்ணத்தகாததா என்பது அங்கேதான் இருக்கிறது. ‘டேமேஜ்’ எண்ணத்தகாதது, பொருளுக்கு நேர்ந்த சேதம். ‘டேமேஜஸ்’ எப்போதும் பன்மை, இழப்பீட்டுப் பணம். தண்ணீர்க் குழாய் வெடித்து சீலிங் பாழானதைப் பற்றி எழுதும்போது கடைசியில் ஓர் ‘எஸ்’ கூடிவிட்டால், சேதத்தைச் சொல்ல வந்த கடிதம் இழப்பீடு கேட்கும் கடிதம்போல ஆகிவிடும். ‘எக்விப்மெண்ட்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ இவற்றுக்குப் பன்மை ‘எஸ்’ கிடையாது. தமிழில் ‘கருவிகள்’, ‘தகவல்கள்’ என்று இயல்பாக வருவதால் கை தானாகவே ‘எஸ்’ போடும்.

நீங்கள் கேட்ட வினைச்சொல் சிக்கலுக்குப் பெயர் சொற்சேர்க்கை. அதற்கென்றே ஓர் அகராதி இருக்கிறது: ஆக்ஸ்ஃபர்டு கொலோகேஷன்ஸ் டிக்ஷனரி. முதல் பதிப்பு 2002, இரண்டாவது 2009. காசு செலவழிப்பதானால் என் முதல் தேர்வு இதுதான். பெயர்ச்சொல்லைத் தேடினால் அதோடு வரும் வினைகள், அடைமொழிகள், முன்னிடைச்சொற்கள் வரிசையாக இருக்கும். எக்ஸ்டென்ஷனை நாம் ‘அப்ளை ஃபார்’ அல்லது ‘ரிக்வெஸ்ட்’ செய்வோம், அவர்கள் ‘கிராண்ட்’ செய்வார்கள் அல்லது ‘ரிஃப்யூஸ்’ செய்வார்கள், தகுதி இருந்தால் நாம் அதற்கு ‘என்டைட்டில்ட் டு’. டிஃபெக்டை ‘ரெக்டிஃபை’ செய்வோம் அல்லது ‘மேக் குட்’ செய்வோம். பேமெண்டை அவர்கள் ‘வித்ஹோல்ட்’ செய்வார்கள், பிறகு ‘ரிலீஸ்’ செய்வார்கள். முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே மனத்தில் ஏற்றுங்கள்: ‘லயபிள் ஃபார்’, ‘கம்ப்ளை வித்’, ‘இன் அக்கார்டன்ஸ் வித்’. சொல் சரியாக இருந்து முன்னிடைச்சொல் தவறினால் வாக்கியம் மொத்தமும் தட்டுத்தடுமாறும்.

ஒர்க்புக்: கேம்பிரிட்ஜின் ‘ப்ரொஃபெஷனல் இங்கிலிஷ் இன் யூஸ்’ வரிசை தனியாகப் படிப்பவர்களுக்கு ஏற்றது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, நூலின் பின்னால் விடை. ஒரு யூனிட் ஒரு விரிப்புக்குள் முடிந்துவிடும், உங்கள் அரை மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் அட்டையைப் பார்த்து ‘எஞ்சினியரிங்’ நூலை எடுத்துவிடாதீர்கள். அதில் வரைபடம், அளவீடு, பொருட்களின் தன்மை, இயந்திர அசைவு இவைதான் அதிகம். சைட் எஞ்சினியருக்கு நல்ல நூல், உங்கள் கடிதங்களுக்கு ‘லா’ நூலில் ஒப்பந்தம் பற்றிய யூனிட்டுகள் பயன்படும். இந்த வரிசை இடைநிலைக்கு மேல் உள்ளவர்களுக்கு எழுதப்பட்டது. கடிதங்கள் பெரும்பாலும் புரிகின்றன என்கிறீர்கள், உங்களால் முடியும்.

பீட்டர் காலின் தொடங்கி, பின்னர் ஏ அண்ட் சி பிளாக், புளூம்ஸ்பரி வெளியிட்ட துறை அகராதிகளும் ‘செக் யுவர் வொக்காபுலரி’ பயிற்சி நூல்களும் பழைய புத்தகக் கடைகளில் தென்படும். எளிய விளக்கம், நடுநடுவே எடுத்துக்காட்டு வாக்கியம், ஒர்க்புக்கில் குறுக்கெழுத்து, பொருத்துக என்று இருக்கும். சட்டம், வங்கி, மருத்துவம் எனத் துறைவாரியாக உண்டு. மலிவாகக் கிடைத்தால் எடுங்கள், ஆனால் பயிற்சிகளில் ஏற்கெனவே பென்சிலால் விடை எழுதிய பிரதி வேண்டாம்.

எந்த ஒர்க்புக்கும் கோடிட்ட இடத்தை நிரப்பு என்றுதான் கேட்கும். நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்வதும் வெறும் தாளில் அதை வரவழைப்பதும் வேறு வேறு திறமை. இந்த இடத்தில்தான் பலர் ஒரு நூலை முழுக்க முடித்தும் கடிதம் எழுத முடியாமல் நிற்கிறார்கள். எனவே அரை மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: 15 நிமிடம் பயிற்சி, 5 நிமிடம் விடை சரிபார்த்தல். மீதி 10 நிமிடம் நூலை மூடிவிட்டு, அன்றைய சொற்சேர்க்கைகளில் மூன்றை வைத்து உங்கள் புராஜெக்ட் பற்றியே மூன்று வாக்கியம். கடைசிப் பத்து நிமிடத்தைத் தியாகம் செய்தால் மற்ற இருபதும் வீண். வாரம் 12 முதல் 15 சேர்க்கைகள் போதும்.

புத்தகத்தட்டு:
வாங்குவதற்கு முன் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிடலாம். ஏழாவது மாடியிலிருந்து தொடங்கும் லீ காங் சியான் மேற்கோள் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் முடியாது. இரவல் வேண்டுமென்றால் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் மத்தியப் பொது நூலகம்.

ஒரு குறிப்பு: நூலக வகைப்பாட்டில் ஆங்கில அகராதிகள் 423-ஆம் எண் தட்டில் இருக்கும், ஆனால் துறை அகராதிகள் அங்கே இருக்காது. அவை அந்தந்தத் துறையோடு வைக்கப்படும், எண்ணின் முடிவில் 03 (சிலவற்றில் 3 மட்டும்) சேரும். கட்டுமானம் 690.03, கணக்கியல் 657.03, சட்டம் 340.03, மருத்துவம் 610.3. ஆங்கிலம் கற்போருக்கான ஒர்க்புக்குகள் 428.24 பக்கம். 423-இல் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். பழைய பிரதிகளுக்கு எதிரே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்.

செங்காங் மணி:
மூவருக்கும் மிக்க நன்றி. கொலோகேஷன்ஸ் அகராதியும் ‘லா’ ஒர்க்புக்கும் எடுக்கிறேன். இன்னொரு கேள்வி: என் மனைவி அக்கவுண்ட்ஸ் வேலையில் இருக்கிறார். பிராஸ் பாசாவில் 2005 பதிப்புக் கணக்கியல் அகராதி ஒன்று 8 வெள்ளிக்கு இருக்கிறது. எடுக்கலாமா?

ஈசூன் லெட்ஜர்:
வேண்டாம் தம்பி. சொற்சேர்க்கை அகராதி 20 ஆண்டு பழையதானாலும் ஓடும், கணக்கியல் அகராதி ஓடாது. தரநிலைகள் மாறும்போது சொல்லின் பொருளே மாறிவிடுகிறது.

2005 நூலில் ‘ஆபரேட்டிங் லீஸ்’ என்றால் பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத வாடகை என்று இருக்கும். 2019 ஜனவரி முதல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலையின்படி, குத்தகைக்கு எடுப்பவருக்கு ‘ஆபரேட்டிங்’, ‘ஃபைனான்ஸ்’ என்ற பிரிவினையே கிடையாது. குறுகிய கால, சிறு மதிப்புக் குத்தகை தவிர மற்றவை ‘ரைட் ஆஃப் யூஸ் அசெட்’ (பயன்படுத்தும் உரிமைச் சொத்து) ஆக ஏட்டில் ஏற வேண்டும். அந்தச் சொல்லே பழைய அகராதியில் இருக்காது. ‘பேலன்ஸ் ஷீட்’ என்பதற்குச் சர்வதேசத் தரநிலைகள் இப்போது தரும் தலைப்பு ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஃபைனான்ஷியல் பொசிஷன்’. வராக்கடனுக்கு ‘ப்ரொவிஷன்’ என்று எழுதிய இடத்தில் இன்று ‘லாஸ் அலவன்ஸ்’. ‘ப்ரொவிஷன்’ என்பது, காலமோ தொகையோ உறுதியாகாத பொறுப்புக்கு மட்டும். சிங்கப்பூர்த் தரநிலைகளும் இதே தடத்தில்தான் போகின்றன.

பழைய சொல் எல்லாமே செத்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். ‘டர்ன்ஓவர்’ அறிக்கைகளில் ‘ரெவென்யூ’ ஆகிவிட்டது, ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கு ஐராஸ் (சிங்கப்பூர் வரித்துறை) கேட்பது இன்னமும் ‘டாக்ஸபிள் டர்ன்ஓவர்’ 10 லட்சம் வெள்ளியைத் தாண்டியதா என்பதைத்தான்.

வாங்கும் முன் கடையிலேயே மூன்று சொல்லைத் தேடச் சொல்லுங்கள்: ‘ரைட் ஆஃப் யூஸ் அசெட்’, ‘எக்ஸ்பெக்டட் கிரெடிட் லாஸ்’, ‘லாஸ் அலவன்ஸ்’. மூன்றும் இருந்தால் நூல் இன்றைய வேலைக்கு ஆகும். ஒன்றுகூட இல்லையென்றால் தட்டிலேயே வைத்துவிடலாம்.

செங்காங் மணி:
நல்லவேளை கேட்டேன். டீச்சர், எம்ஆர்டியில் போகும்போது பார்க்க ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியில் கார்டு போடலாமா?

கிளமெண்டி டீச்சர்:
தாராளமாக. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு கட்ட வேண்டும். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று மட்டும் போடாதீர்கள். அது படிப்பதற்கான கார்டு, உங்களுக்கு வேண்டியது எழுதுவதற்கான கார்டு. முன்பக்கம் சூழலைத் தமிழில் எழுதுங்கள்: ‘3-ஆம் மாடி டக்ட்டில் உள்ள குறையை எங்கள் செலவில் 14 நாளில் சரிசெய்வோம்.’ அதன் கீழே வினைச்சொல் விடுபட்ட ஆங்கில வாக்கியம். பின்பக்கம் முழு வாக்கியம், ‘ரெக்டிஃபை’ வரும் இடம் தடித்த எழுத்தில். ஒரு கார்டுக்கு ஒரே ஓர் இடைவெளி. இரண்டு விட்டால் ஒன்று தெரிந்து ஒன்று தெரியாதபோது எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற குழப்பம் வரும்.

புதிய கார்டு நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆங்கி இயல்பாக 20 என்று வைத்திருக்கும், அமைப்பில் போய் முதல் நாளே குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்தில் பழைய கார்டுகள் குவிந்து செயலியைத் திறக்கவே மனம் வராது.