முதுகில் கட்டினால் பாப்பா நழுவுகிறாள், வழி சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகளுக்கு 9 மாதம், 8 கிலோ, தானாக உட்காருவாள். துணியால் முதுகில் கட்டினால் பத்தே நிமிடத்தில் நழுவி என் இடுப்புக்கு வந்துவிடுகிறாள். கட்டும்போது முழங்கால் மேலே, பின்புறம் கீழே என்று சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் இரண்டு காலும் நேராகத் தொங்குகின்றன.

மூன்று வாரமாகப் போராட்டம். முதலில் அம்மாவின் பழைய பருத்திப் புடவை. பிறகு பனியன் துணி; இழுபடும் துணி முதுகில் கட்ட ஆகாது என்று தெரிந்து விட்டுவிட்டேன். இப்போது 4.6 மீட்டர் கைத்தறித் துணி. தோளில் இறுக்கினால் அடியில் தளர்கிறது. (இந்த வேர்வையும் ஒரு காரணமோ என்னவோ!) கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மா பின்னால் பிடித்துக்கொள்ளத்தான் கட்டுகிறேன்.

அடித்துணி நழுவாமல் இருக்க, அவள் வயிற்றுக்கும் என் முதுகுக்கும் நடுவே எவ்வளவு துணியைச் செருகிவிட வேண்டும்?